பக்கவாத்தியம்: டெல்லி கணேஷின் அரை நூற்றாண்டு

கல்யாண வீட்டின் சமையற்கட்டு. பெரிய தவலை நிறையப் பாயசம். பக்கத்தில் ஆள் இல்லாத ஒரு நிமிஷம். முதியவர் ஒருவர் அந்தத் தவலையையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். கல்யாணம் அண்ணன் மகன் வீட்டில். ஊரே அவனை வாழ்த்துகிறது. இவர் வீட்டில் இருப்பதோ கணவனை இழந்த மகள். வயிற்றெரிச்சல் கைக்கு இறங்குகிறது. தவலையை நெம்புகிறார். பாயசம் தரையெல்லாம் ஓடுகிறது. சத்தம் கேட்டு ஓடி வந்தவர்களிடம், உள்ளே எலி விழுந்து கிடந்தது என்கிறார். எல்லோரும் நம்பிவிடுகிறார்கள். மகள் மட்டும் நம்பவில்லை. அவள் பார்வையைத் தாங்க முடியாமல் கிழவர் முகம் தாழ்கிறது.

தி. ஜானகிராமனின் ‘பாயசம்’ சிறுகதையை வசந்த் குறும்படமாக்கினார். பெருந்தொற்றில் வேலையிழந்த திரைத்தொழிலாளர்களுக்கு உதவும் நோக்கில் மணிரத்னமும் ஜெயேந்திராவும் தயாரித்த ‘நவரசா’ தொகுப்பில் அது 2021 ஆகஸ்டில் வெளிவந்தது. ஒன்பது ரசங்களில் அருவருப்புக்கு உரிய கதை. சாமநாது என்ற அந்தக் கிழவராக நடித்த டெல்லி கணேஷுக்கு அப்போது 77 வயது. தவலையைச் சாய்ப்பதற்குச் சற்று முன்பு அவருக்கு வசனம் இல்லை. பொறாமையும் தயக்கமும் கண்ணில் மாறி மாறி வருகின்றன. கை முடிவெடுப்பதற்கு முன்பே முகம் முடிவெடுத்துவிட்டது பார்ப்பவருக்குத் தெரிகிறது. நாடக மேடை, சினிமா, டி.வி., இணையம் என்று அரை நூற்றாண்டு உழைத்த ஒரு நடிகரின் தேர்ச்சி முழுவதும் அந்தச் சில நொடிகளில் இருக்கிறது.

வல்லநாட்டிலிருந்து டெல்லிக்கு

கணேஷ் 1944 ஆகஸ்ட் 1 அன்று, இன்று தூத்துக்குடி மாவட்டத்தில் இருக்கும் வல்லநாட்டில் பிறந்தார். தாமிரபரணிக் கரையை ஒட்டிய ஊர். அந்த வட்டாரத்துப் பேச்சின் இழுப்பும் சொடுக்கும் அவர் குரலில் கடைசிவரை மறையவில்லை. 1964-இல் இந்திய விமானப்படையில் சேர்ந்து பத்து ஆண்டுகள் பணியாற்றினார். டெல்லியில் இருந்தபோது தட்சிண பாரத நாடக சபாவின் நாடகங்களில் நடிக்கத் தொடங்கினார். பெயரோடு ஒட்டிக்கொண்ட ஊர் அப்படி வந்ததுதான். சினிமாவில் ‘டெல்லி’யைச் சேர்த்து அவரை அறிமுகம் செய்தவர் இயக்குநர் கே. பாலசந்தர்.

டெல்லித் தமிழர்களின் நாடகத்துக்கு ஒரு தனி இடம் உண்டு. மத்திய அரசு அலுவலகங்களிலும் படைகளிலும் வானொலியிலும் வேலை பார்க்கப் போன தென்னாட்டுக் குடும்பங்கள், ஊர் நினைப்பைப் போக்க மாலை நேரங்களில் ஒத்திகை பார்த்தார்கள். அகில இந்திய வானொலியின் தமிழ்ச் செய்திப் பிரிவில் இருந்த பூர்ணம் விஸ்வநாதன் டெல்லி மேடையில் தேறியவர். இந்தியா விடுதலை பெற்ற செய்தியைத் தமிழில் வாசித்த குரல் அவருடையது. பின்னாளில் சென்னைக்கு வந்து சுஜாதாவின் நாடகங்களை மேடையேற்றினார். விமானப்படைக்காரரான கணேஷுக்கும் பள்ளிக்கூடம் இதே டெல்லி மேடைதான். பகலில் சீருடையும் சட்டதிட்டமும், இரவில் ஒத்திகையும் வசன மனப்பாடமும். பின்னாளில் படப்பிடிப்புத் தளங்களில் அவரிடம் காணப்பட்ட ஒழுங்கு இந்த இரட்டை வாழ்க்கையில் படிந்தது என்று சொல்வது பொருத்தம்.

1974-இல் படையை விட்டார். நிரந்தரச் சம்பளத்தை விட்டுவிட்டு நாடகத்தை நம்பிச் சென்னைக்கு வருவது அந்தக் காலத்து நடுத்தரக் குடும்பத்தில் சின்ன முடிவாக இருந்திருக்க முடியாது. காத்தாடி ராமமூர்த்தியின் ‘ஸ்டேஜ் கிரியேஷன்ஸ்’ குழு அவருக்கு மேடை தந்தது. அதே வட்டத்தில் எழுதிக்கொண்டிருந்தவர் விசு. நகைச்சுவையும் குடும்பச் சிக்கலும் கலந்த வசன நாடகம் அந்தக் குழுக்களின் பலம். ஒரே வசனத்தை நூறு முறை பேசினாலும் முதல் முறை பேசுவதுபோல் பேச வேண்டும். எதிரே நிற்பவர் ஒரு சொல்லை விழுங்கினால் அந்த இடத்தை நிரப்பிக் கதையைக் கரை சேர்க்க வேண்டும்.

┌──────────
பெட்டிச் செய்தி: சபா நாடகம் நடந்த விதம்
சபா என்பது ரசிகர்கள் ஆண்டுச் சந்தா கட்டிச் சேரும் அமைப்பு. கச்சேரி, நாட்டியம், நாடகம் எல்லாம் அதில் அடங்கும். நாடகக் குழுவுக்கு ஒரு காட்சிக்கு இவ்வளவு என்று சபா பணம் பேசிவிடும். டிக்கெட் விற்கும் கவலை குழுவுக்கு இல்லை. மயிலாப்பூரில் ஒரு நாள், தி.நகரில் ஒரு நாள், மாம்பலத்தில் ஒரு நாள் என்று ஒரே நாடகம் சபா சபாவாகச் சுற்றும். நடிகர்களில் பெரும்பாலோர் அலுவலகம் முடிந்து வருகிறவர்கள். ஏ.ஜி. அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டே நாடகம் எழுதியவர் பாலசந்தர். ரயில்வே வேலையில் இருந்தபடி மேடையேறியவர் நாகேஷ். என்ஜினீயர் வேலையோடு எழுதியவர் கிரேஸி மோகன்.
──────────┘

பட்டினப் பிரவேசமும் ‘பசி’யும்

விசுவின் ‘பட்டினப் பிரவேசம்’ நாடகத்தைப் பாலசந்தர் 1977-இல் படமாக்கினார். நல்ல பிழைப்பைத் தேடிக் கிராமத்திலிருந்து நகரத்துக்கு வரும் குடும்பம் சிதைந்துபோகும் கதை. கணேஷின் திரைப் பிரவேசமும் அந்தப் படம்தான். நாடகத்தில் பேசிப் பழகியவர்கள் கேமராவுக்கு முன்னால் சத்தம் போட்டுப் பேசுவது வழக்கமான கோளாறு. கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டும் என்ற பழக்கம் எளிதில் போகாது. கணேஷ் அந்தச் சத்தத்தைச் சீக்கிரமே குறைத்துக்கொண்டார்.

இரண்டே ஆண்டில் அதற்குச் சான்று கிடைத்தது. துரை இயக்கிய ‘பசி’ (1979) சென்னைச் சேரியில் குப்பை பொறுக்கிப் பிழைக்கும் பெண்ணின் கதை. ஷோபாவுக்குச் சிறந்த நடிகைக்கான தேசிய விருதைப் பெற்றுத் தந்த படம் அது. நாயகியின் தகப்பனான சைக்கிள் ரிக்‌ஷாக்காரராகக் கணேஷ் நடித்தார். பெரிய குடும்பம், குடிப்பழக்கம், கையில் நிற்காத காசு. அந்த வேடத்துக்காகத் தமிழக அரசின் சிறப்புப் பரிசு கிடைத்தது. நெல்லைப் பேச்சோடு வளர்ந்து பத்து ஆண்டு விமானப்படையில் இருந்துவிட்டு வந்த ஒருவர், கூவம் கரைத் தமிழை உச்சரிப்புப் பிசகாமல் பேசினார். காது கூர்மையாக இல்லாத நடிகரால் ஆகிற காரியம் இல்லை இது.

1981-இல் ‘எங்கம்மா மகாராணி’யில் நாயகனாகவும் நடித்தார். நாயக வேடம் நெடுநாள் நிலைக்கவில்லை. தமிழ் சினிமாவுக்கு அதில் நஷ்டம் இல்லை. கதாநாயகன் இடத்துக்கு ஆட்கள் வரிசையில் நின்றார்கள். இரண்டாவது வரிசையில் நின்று கதையைத் தாங்கும் ஆள்தான் எப்போதும் தட்டுப்பாடு.

கேட்கிற நடிகர்

கர்நாடகக் கச்சேரியில் மிருதங்கக்காரரின் பெயர் பாடகர் பெயருக்குக் கீழேதான் வரும். ஆனால் பாடகர் எங்கே இழுக்கிறார், எங்கே விடுகிறார், எங்கே மூச்சு வாங்குகிறார் என்பதை அவரைவிடக் கூர்மையாகக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியவர் மிருதங்கக்காரர். பாலசந்தரின் ‘சிந்து பைரவி’யில் (1985) கணேஷுக்குக் கிடைத்தது அதே வேடம். மிருதங்க வித்வான் குருமூர்த்தி, குடித்துவிட்டுக் கச்சேரிக்கு வந்ததற்காகப் பாடகர் ஜே.கே.பி.யால் விலக்கிவைக்கப்படுகிறார். அவமானம் அவரைத் திருத்துகிறது. பிறகு கதை திரும்புகிறது. ஒழுக்கத்துக்குப் பெயர்போன ஜே.கே.பி.யே குடியில் விழுகிறார். ஒரு காலத்தில் தன்னைத் தள்ளிவைத்தவர் தள்ளாடுவதைப் பார்க்கும் குருமூர்த்தியின் முகத்தில் பழிதீர்த்த திருப்தி துளியும் இல்லை. வேதனை மட்டும் இருக்கிறது. சிவகுமாரின் ஜே.கே.பி. வீழ்ச்சியின் ஆழத்தை ரசிகர் அளந்துகொள்வது இந்த முகத்தை வைத்துத்தான்.

மணிரத்னத்தின் ‘நாயகன்’ (1987) இதே வித்தையை இன்னொரு கோணத்தில் பயன்படுத்தியது. தாராவியின் வேலு நாயக்கருக்கு இந்தி வராது. எதிரே உட்கார்ந்திருப்பவர்களுக்குத் தமிழ் வராது. இரண்டுக்கும் நடுவே ஐயர். ஒருவர் பேசும்போது கேட்க வேண்டும், பிறகு அதைச் சொல்ல வேண்டும், சொல்லும்போதே கேட்பவரின் முகத்தைப் பார்த்து அடுத்த ஆபத்தை எடைபோட வேண்டும். வேலு நாயக்கரின் குரல் உயராமலே அதிகாரம் உயர்வது ஐயரின் மொழிபெயர்ப்பு வழியாகத்தான் திரையில் நடக்கிறது. படத்தில் ஐயர் இருப்பதும் அவருடைய பதைப்பும் இல்லாவிட்டால், பம்பாயில் தமிழன் அந்நியன் என்ற உணர்வே பாதி மங்கிப்போயிருக்கும். டெல்லியில் வாழ்ந்து இந்தி பேசிப் பழகிய ஒருவரை அந்த வேடத்துக்கு எடுத்தது நல்ல தேர்வு.

நகைச்சுவையிலும் அவர் பக்கவாத்தியக்காரர்தான். ‘மைக்கேல் மதன காமராஜன்’ (1990) படத்தில் பாலக்காட்டு மணி ஐயர், சமையல்காரர் காமேஸ்வரனின் வளர்ப்புத் தகப்பன். சிங்கீதம் சீனிவாசராவ் இயக்கம், கிரேஸி மோகன் வசனம், கமல்ஹாசன் நான்கு வேடம். சாம்பாரில் மீன் விழுந்துவிடும் கல்யாணப் பந்திக் காட்சியைத் தமிழ்நாட்டில் மூன்று தலைமுறை மனப்பாடம் செய்திருக்கிறது. காட்சியில் சிரிப்பு வருவது மீனால் இல்லை. வெளியே தெரிந்தால் மானம் போய்விடும் என்று நடுங்கும் ஒரு கௌரவமான சமையல்காரர் நிஜமாகவே நடுங்குவதால் வருகிறது. கிரேஸி மோகனின் வசனத்தில் சொல்லுக்குள் சொல் ஒளிந்திருக்கும். அரை நொடி முந்தினாலும் பிந்தினாலும் வெடிக்காது. சபா மேடையில் சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து அடுத்த வரியை எடுத்துப் பழகியவருக்கு அந்த அரை நொடி அத்துப்படி.

கமல்ஹாசன் படங்களில் அவர் வேடங்களை வரிசைப்படுத்திப் பார்த்தால் ஆளின் வீச்சு தெரியும். ‘அபூர்வ சகோதரர்கள்’ (1989) படத்தில் கொலைகார நால்வரில் ஒருவரான பிரான்சிஸ் அன்பரசு. ‘அவ்வை சண்முகி’யில் (1996) சேதுராம ஐயர். ‘தெனாலி’யில் (2000) சக மருத்துவரின் புகழைப் பார்த்துப் பொறாமையில் வேகும் மனநல மருத்துவர் பஞ்சபூதம். இந்தப் பஞ்சபூதத்தின் பொறாமை சிரிக்க வைத்தது. இருபது ஆண்டு கழித்துச் சாமநாதுவின் பொறாமை முகம் சுளிக்க வைத்தது. நடிகரும் ஒருவரே, உணர்ச்சியும் ஒன்றே. முதலாவதில் அதை எல்லோருக்கும் காட்டினார். இரண்டாவதில் எல்லோரிடமிருந்தும் மறைத்தார்.

திரையில் 400-க்கும் மேற்பட்ட படங்கள். பிற நடிகர்களுக்குப் பின்னணிக் குரலும் கொடுத்தார். 1994-இல் கலைமாமணி விருது. இத்தனை படங்களிலும் எல்லா வேடமும் உயர்ந்தவை என்று சொல்ல முடியாது. கதாநாயகியின் தகப்பன், கல்யாணத் தரகர், வீட்டுக்காரர் என்று இயக்குநர்கள் யோசிக்காமல் கொடுத்த வேடங்கள் ஏராளம். அவற்றையும் அவர் அலட்சியமாகச் செய்யவில்லை. நான்கு வரி கொடுத்தாலும், அந்த ஆள் காலையில் என்ன சாப்பிட்டிருப்பார் என்று தெரிந்தவர்போல் வந்து நிற்பார்.

மலை ஏறிய முகம்

சபா நாடகம் சென்னையையும் சில நகரங்களையும் தாண்டிப் பெரிதாகப் பரவவில்லை. அது நகரத்து நடுத்தர வர்க்கத்தின் கலை. நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையை எடுத்துக்கொள்ளலாம். காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால்தான் மேலே சோளக்காடு, செம்மேடு. மலையாளிப் பழங்குடியினர் தினையும் சாமையும் விளைவித்த இடம். இங்கே கலை என்றால் கோயில் திருவிழாவை ஒட்டியது. ஆடிப் பெருக்கில் அறப்பளீஸ்வரர் கோயிலும் ஆகாய கங்கையும் நிறையும், அதையொட்டி அரசின் வல்வில் ஓரி விழாவும் நடக்கும். அந்த ஓரி, கலைஞர்களைக் காத்த வள்ளல் என்றே சங்கப் பாடல்களில் இடம்பெற்றவன். பசியோடு காட்டு வழி வந்த கூத்தரும் பாணரும் அடங்கிய கூட்டத்தை வேட்டுவன்போல் எதிர்கொண்டு உணவும் பொன்னும் கொடுத்து அனுப்பியதை வன்பரணர் புறநானூற்றில் பாடியிருக்கிறார். கலைஞனை மலை தேடிப் போக வைத்த காலம் அது.

டெல்லி கணேஷின் காலத்தில் கலைஞனின் முகத்தை மலைக்குக் கொண்டுபோனது டி.வி. சென்னைத் தொலைக்காட்சி 1975 ஆகஸ்ட் 15 அன்று ஒளிபரப்பைத் தொடங்கியது. செவ்வாய்க்கிழமை நாடகத்துக்காகத் தெருவில் டி.வி. இருந்த ஒரே வீட்டில் ஊர் கூடியது. 1993 ஏப்ரல் 14-இல் சன் டி.வி. வந்த பிறகு நெடுந்தொடர் தினசரிப் பழக்கமானது. 2006-இல் ஆட்சிக்கு வந்த தி.மு.க. அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சிகளைக் கொடுத்தது. மலைக் கிராமங்களும் அதே தொடரை அதே நேரத்தில் பார்க்கத் தொடங்கின. ‘கஸ்தூரி’, ‘செல்லமே’ போன்ற தொடர்களில் கணேஷ் நடித்துக்கொண்டிருந்த காலம் அது. சபாவை வாழ்நாளில் பார்க்காத வீடுகளுக்குள் சபா நடிகர் ஒருவர் தினமும் வந்து உட்கார்ந்தார். சினிமாவில் அவரைப் பெயர் தெரியாமல் ரசித்தவர்கள், டி.வி.யில் உறவுக்காரரைப்போல் பழகிக்கொண்டார்கள்.

தொடர் நடிப்பைக் குறைத்துப் பேசுவது வழக்கம். ஒரு நாளில் எடுக்க வேண்டிய காட்சிகள் ஏராளம், வசனத் தாள் சூடாகக் கையில் வரும், ஒத்திகைக்கு நேரம் இருக்காது. இந்த நெருக்கடியில் இளம் நடிகர்கள் தடுமாறுவார்கள். ஒரு முறை படித்தால் மனத்தில் நிற்கும் பழக்கமுள்ள நாடகக்காரர்களே தொடர்களின் முதுகெலும்பாக இருந்தார்கள். மேடை கொடுத்த பயிற்சி டி.வி.யில்தான் அதிகம் செலவானது.

ஏணி போன பிறகு

அந்த மேடையைச் சாய்த்ததும் டி.வி.தான். மாலை ஆறரைக்குக் கிளம்பிச் சபாவுக்குப் போன குடும்பம், தொண்ணூறுகளில் வீட்டிலேயே தொடர் பார்க்க உட்கார்ந்தது. சந்தாதாரர்கள் குறைந்தார்கள். நாடகத்துக்குப் பணம் பேசும் சபாக்களும் குறைந்தன. ஒய்.ஜி. மகேந்திரன், எஸ்.வி. சேகர், கிரேஸி மோகன், காத்தாடி ராமமூர்த்தி போன்றோரின் குழுக்கள் பிடிவாதமாக நடத்தின. ஆனால் வாரம் மூன்று நாள் மேடையேறி, ஒரே வேடத்தை நூறு முறை உரசிப் பார்த்து, பிறகு சினிமாவுக்குப் போகும் பாதை மெல்ல அடைபட்டது.

மராத்தியில் கதை வேறு. 1843-இல் சாங்லியில் விஷ்ணுதாஸ் பாவே நடத்திய ‘சீதா சுயம்வரம்’ தொட்டுத் தொடங்கும் அந்த மேடை, டிக்கெட் வாங்கி வரும் ரசிகரை நம்பி நிற்கிறது. மும்பை தாதரில் சிவாஜி மந்திர், புணேயில் 1968-இல் திறக்கப்பட்ட பாலகந்தர்வ ரங்கமந்திர் போன்ற அரங்குகள் நாடகத்துக்கென்றே இருக்கின்றன. காது மூக்கு தொண்டை மருத்துவரான ஸ்ரீராம் லாகூ, மருத்துவத்தை விட்டு முழுநேர நடிகரானவர். 1970-இல் குசுமாக்ரஜின் ‘நடசாம்ராட்’ நாடகத்தில் முதிய நடிகராக நடித்து மராத்தி மேடையின் உச்சத்தைத் தொட்டார். பிறகு இந்திப் படங்களில் ஏராளமான சிறு வேடங்கள். 2019-இல் இறந்தபோது மராத்தியர்கள் அவரை மேடையின் பேரரசராகவே வழியனுப்பினார்கள். மராத்தி நடிகர் டி.வி.யிலும் சினிமாவிலும் சம்பாதித்துவிட்டு, சனி ஞாயிறில் குழுவோடு பேருந்து ஏறி ஊர் ஊராக நாடகம் போடுவது இன்றும் நடக்கிறது. தமிழில் டெல்லி கணேஷுக்கு ஒரு ‘நடசாம்ராட்’ எழுதப்படவில்லை. மூன்று மணி நேரம் மேடையைத் தனியே தாங்கக்கூடிய ஒருவருக்குத் தமிழ் நாடகம் அந்த மூன்று மணி நேரத்தைக் கொடுக்கவில்லை. இது நடிகருக்கு நேர்ந்த குறையைவிட மேடைக்கு நேர்ந்த குறை.

இன்று தமிழ் சினிமாவுக்குக் குணச்சித்திர நடிகர்கள் வேறு வழிகளில் வருகிறார்கள். ந. முத்துசாமி 1977-இல் தொடங்கிய கூத்துப்பட்டறை பசுபதி, குரு சோமசுந்தரம் போன்றோரைக் கொடுத்தது. குறும்படங்கள் வழியாகப் பலர் வந்தார்கள். உடல்மொழியில் இவர்கள் முந்தைய தலைமுறையைவிடச் சுதந்திரமானவர்கள். வசனத்தின் நெளிவு சுளிவில், ஒரு சாதாரண வாக்கியத்தைக் காதுக்கு இனிதாக வைக்கும் பக்குவத்தில், சபா நடிகர்கள் விட்டுப்போன இடம் இன்னும் காலியாகவே இருக்கிறது.

┌──────────
பெட்டிச் செய்தி: ஒரு வாய், பல தமிழ்
‘பசி’ – சென்னை ரிக்‌ஷாக்காரரின் பேச்சு. ‘நாயகன்’ – பம்பாய்த் தமிழரின் பேச்சு, இந்தியும் சேர்த்து. ‘மைக்கேல் மதன காமராஜன்’ – பாலக்காட்டுத் தமிழ். ‘பாயசம்’ – 1960-களின் கும்பகோணத்துப் பேச்சு. நான்கும் வல்லநாட்டுக்காரர் வாயிலிருந்து வந்தவை.
──────────┘

கடைசிப் பத்தாண்டு

மகன் மகாவை நாயகனாக்கி 2016-இல் ‘என்னுள் ஆயிரம்’ படத்தைத் தயாரித்தார். யூடியூபில் நகைச்சுவைக் குழு ஒன்று பேட்மேனைச் சென்னைக்காரனாக்கிக் குறும்படம் எடுத்தபோது, அவன் வீட்டுப் பணியாளராக வந்து, பேரப்பிள்ளை வயதுள்ளவர்களிடமும் பெயர் வாங்கினார். ‘இரும்புத்திரை’யில் (2018) கடனிலேயே காலம் தள்ளும் விஷாலின் தகப்பன். கணினித் திருட்டைப் பற்றிய பரபரப்பான படம் அது. மகளின் கல்யாணத்துக்குச் சேர்த்த பணம் வங்கிக் கணக்கிலிருந்து மாயமானது தெரிந்து அந்தத் தகப்பன் உடைந்துபோகும்போதுதான், திருட்டு என்பது திரையில் ஓடும் எண்களிலிருந்து ஒரு வீட்டுக்குள் இறங்குகிறது.

2024 நவம்பர் 9 இரவு, சென்னை ராமாபுரத்தில் தம் வீட்டில் அவர் காலமானார். வயது 80. சினிமாக்காரர்களும் நாடகக்காரர்களும் சின்னத்திரைக்காரர்களும் வந்துபோன அந்த வாசலுக்கு விமானப்படையினரும் வந்தார்கள். படையை விட்டு ஐம்பது ஆண்டு ஆகியிருந்தது. தங்கள் பழைய வீரருக்குச் சீருடையில் நின்று இறுதி மரியாதை செலுத்திவிட்டுப் போனார்கள்.